வெயிலை எதிர்கொண்ட நகரம்

பாடம் 7 – உரைநடை

நுழையும்முன்

தெருமுனையில் நிற்கும் வேம்பும் அதே தெருவில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் மாநகராட்சியின் வெவ்வேறு துறைகளுக்கு உரியவை. ஒன்று பூங்காத் துறையின் பொறுப்பு. மற்றொன்று நலவாழ்வுத் துறையின் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கணக்கு. ஆனால், கடுங்கோடை வந்தபோது இவ்விரு துறைகளும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியவை என்பதை ஒரு நகரம் தெரிந்துகொண்டது. அந்நகரம் குஜராத் மாநிலத்தின் அகமதாபாத். அது தெரிந்துகொண்ட விதத்தையும், தெரிந்துகொண்டபின் செய்தவற்றையும், செய்ய இயலாமற்போனவற்றையும் இப்பாடம் கூறுகிறது.

சபர்மதிக் கரையில்

அகமதாபாத் 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷாவால் சபர்மதி ஆற்றின் கரையில் அமைக்கப்பட்டது. கோட்டைச் சுவருக்குள் அமைந்த பழைய நகரம் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளால் ஆனது. போள் என்பது ஒரே வாயிலை உடைய குறுகிய தெருக்களின் தொகுதி. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் தெருவில் வெயில் விழும் நேரம் குறைவு. வீட்டின் நடுவே முற்றம். பல வீடுகளின் முற்றத்துக்கு அடியில் மழைநீரைச் சேமிக்கும் ‘டாங்கா’ என்னும் தொட்டி. தெரு கூடும் இடங்களில் பறவைகளுக்குத் தீனியிடும் ‘சபூத்ரோ’ என்னும் தூண்மேடை. வழிப்போக்கருக்குக் குடிநீர் வழங்கும் ‘பரப்’ குஜராத்தின் ஊர்கள்தோறும் உண்டு. தமிழகத்தின் தண்ணீர்ப் பந்தலுக்கு அது நேர் உறவு. இந்தப் பழைய நகரம் 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்ன நகரமாக அறிவிக்கப்பட்டது.

முன்னோர் வெப்பத்தை அறிந்தே வீடு கட்டினர். பின்னர் வந்த நகரம் அவ்வாறு கட்டப்படவில்லை. பருத்தி ஆலைகள் பெருகிய காலத்தில் ஆற்றின் கிழக்கே தொழிலாளர் குடியிருப்புகள் நெருக்கமாக எழுந்தன. ஆலைகள் பல மூடப்பட்டபின்னும் அக்குடியிருப்புகள் நிலைத்தன. தகரக் கூரையும் கல்நார்க் கூரையும் உடைய ஓரறை வீடுகளில் பகல் வெப்பம் நள்ளிரவு கடந்தும் தணிவதில்லை. சிமெண்டும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அதனை வெளிவிடுகின்றன. நகரின் உட்பகுதி சுற்றியுள்ள வயல்வெளியைவிடச் சூடாக இருப்பது இதனால்தான். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 55 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

தமிழின் பழைய இலக்கணம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் கூறிய தொல்காப்பியம், பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை; வேனிலும் நண்பகலும் ஆகிய பொழுதையே கூறியது. வெப்பத்துக்கென்று தனி நிலம் இல்லை. நீரும் நிழலும் அற்றுப்போனால் எந்த நிலமும் பாலையாகும். தொழிற்பேட்டையை அடுத்த ஒரு தெருவும் அவ்வாறு ஆகலாம்.

2010 மே

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. அந்நகரத்துக்கு வெயில் புதிதன்று. மே மாதத்தில் 42, 43 டிகிரியை மக்கள் ஆண்டுதோறும் கண்டவர்களே. கதவை அடைத்துக்கொண்டு நண்பகலைக் கழிப்பதும், ‘சாஸ்’ எனப்படும் மோரைப் பருகுவதும், தலையைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே செல்வதும் வழக்கமாக இருந்தன. ஆகவே, அந்த மாதத்தில் நடந்ததை அப்போது யாரும் பேரிடர் என்று கூறவில்லை. கட்டடம் இடியவில்லை, வெள்ளம் வரவில்லை, சாலைகள் வழக்கம்போல் இயங்கின.

பின்னர், மாநகராட்சியின் இறப்புப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் எடுத்து எண்ணினார்கள். அம்மாதத்தில் பதிவான இறப்புகள் 4,462. பிற ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டபோது வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நிகழ்ந்திருந்தமை தெரிந்தது. இது ஏறத்தாழ 43 விழுக்காடு கூடுதல். 2014ஆம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியிடப்பட்டது.

இத்தனை உயிர்கள் போனது அந்நேரத்தில் ஏன் தெரியவில்லை? வெப்பம் கொல்லும் முறையே அதற்குக் காரணம். மனித உடல் ஏறத்தாழ 37 டிகிரியில் இயங்குகிறது. வெளிவெப்பம் அதற்கு மேல் செல்லும்போது வியர்வை ஆவியாவது ஒன்றே உடலைக் குளிர்விக்கும் வழி. வியர்ப்பதற்கு நீர் வேண்டும்; நீரைத் தோலுக்குக் கொண்டுசெல்ல இதயம் விரைந்து துடிக்க வேண்டும். உடல்நீர் குறையும்போது சிறுநீரகம் தளர்கிறது, குருதி தடிக்கிறது. முன்பே நோயுற்ற இதயம் அந்தச் சுமையைத் தாங்குவதில்லை. உடல்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, அறிவு தடுமாறி, மயங்கி விழும் நிலையே வெப்பவாதம் எனப்படுகிறது. இந்நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் சிலரே. முதியவர் ஒருவர் தம் வீட்டுக் கட்டிலில் இறந்தால் மாரடைப்பு என்றோ முதுமை என்றோ பதிவேட்டில் எழுதப்படும். வெயில் அங்கே சாட்சியாகக்கூட நிற்பதில்லை.

ஒருவர் இறப்பு வீட்டாருக்குத் துயரம். ஆயிரத்து முந்நூறு இறப்புகள் சேரும்போதுதான் அது நகரத்தின் குறை என்பது புலப்படுகிறது. அவ்வாறு சேர்த்துப் பார்க்கும் வேலையை மருந்தைவிட முதன்மையானது என்றே கூற வேண்டும். ஒழுங்காக எழுதி வைக்கப்பட்ட பதிவேடு இல்லையேல் அந்த எண்ணிக்கையும் இல்லை. அதன்பின் வந்த திட்டமும் இல்லை.

திட்டம் பிறந்தது

2013ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி தன் ‘வெப்பச் செயல்திட்டத்தை’ வெளியிட்டது. தெற்காசியாவில் ஒரு நகரம் வகுத்த முதல் வெப்பச் செயல்திட்டம் அதுவே. காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுநலவாழ்வு நிறுவனமும் வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்கள் சிலவும் மாநகராட்சியோடு சேர்ந்து அதனை வகுத்தன.

அத்திட்டத்தில் வியக்கத்தக்க கருவி எதுவும் இல்லை. அதன் வலிமை அதுவேயாகும். மறுநாளின் வெப்பநிலையை முன்கூட்டியே அறிந்து, அதற்கு ஒரு நிறம் கொடுத்து, அந்நிறத்தைக் கண்டவுடன் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வைத்தார்கள். 41.1 முதல் 43 டிகிரி வரை மஞ்சள், 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45 டிகிரியும் அதற்கு மேலும் சிவப்பு. சிவப்பு நாளன்று மாநகராட்சியின் பொறுப்பு அலுவலரிடமிருந்து மருத்துவமனைகளுக்கும், 108 ஆம்புலன்ஸ் சேவைக்கும், செய்தித்தாள்களுக்கும், குடிநீர்ப் பிரிவுக்கும் செய்தி செல்லும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பனிக்கட்டிப் பைகளும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் இருப்பில் வைக்கப்படும். வழக்கமாக நண்பகலில் பூட்டப்படும் பூங்காக்கள் திறந்து வைக்கப்படும். கட்டடத் தொழிலாளரின் வேலைநேரத்தை மாற்றுமாறு ஒப்பந்தக்காரர்களுக்குச் சொல்லப்படும்.

பூங்காவைத் திறந்து வைப்பது நலவாழ்வுப் பணியா என்று கேட்கலாம். தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கு நண்பகல் இரண்டு மணிக்குப் பூங்காவின் மர நிழலே கிடைக்கக்கூடிய மருத்துவம். பூட்டு ஒன்றைத் திறப்பதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆனால், பூங்காத் துறையின் காவலருக்கு நலவாழ்வுத் துறையின் செய்தி போய்ச் சேர வேண்டும். அரசுப் பணிகளில் கடினமானது பெரும்பாலும் இதுதான்.

செய்தியை வீடுவரை கொண்டுசெல்பவர்கள் ஆஷா பணியாளர்களும் இணைப்புப் பணியாளர்களும் ஆவர். 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம், ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அளவை வகுத்தது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு கட்டடம் என்றால் அக்கட்டடம் மக்களிடம் செல்ல இயலாது. நடந்து செல்ல ஆள் வேண்டும். தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் ஆகியவை கண்டால் நிழலுக்குக் கொண்டுசென்று உடலில் நீர் தெளித்து, காலம் தாழ்த்தாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதை அப்பெண்கள் வீடுவீடாகச் சொன்னார்கள். ‘வெயில் என்றால் மேனி கறுக்கும், வேறென்ன?’ என்னும் எண்ணத்தை மாற்றுவதே அவர்களுடைய முதல் வேலையாக இருந்தது.

2016ஆம் ஆண்டு மே 20 அன்று அகமதாபாத்தில் 48 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்நகரில் அதற்குமுன் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. இம்முறை நகரம் அறியாமல் இருக்கவில்லை. அதற்கு முந்தைய இரு கோடைகளை, அதாவது 2014, 2015ஆம் ஆண்டுகளை, ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, செயல்திட்டத்துக்குப்பின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. இது மதிப்பீடே, தவிர்க்கப்பட்ட இறப்பை ஒருவரும் எண்ணிக் காட்ட இயலாது. காப்பாற்றப்பட்டவர் தாம் காப்பாற்றப்பட்டதை அறியாமலே மறுநாள் வேலைக்குச் செல்கிறார்.

மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு

இத்திட்டத்தோடு தொடர்புடைய செய்திகளுள் ஒன்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 2010ஆம் ஆண்டுக் கோடையில் மாநகராட்சியின் பொது மருத்துவமனை ஒன்றில், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் காய்ச்சலோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டனர். தொற்றுநோய்க்கான அடையாளம் இல்லை. குழந்தைகள் பால் குடிக்கவில்லை, உடல் கொதித்தது. மருத்துவர்கள் காரணத்தைத் தேடினார்கள். பேறுகாலப் பிரிவு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. மேலே மொட்டை மாடி; நாள் முழுதும் வெயில். பச்சிளங்குழந்தையால் வியர்வையின் மூலம் உடலைப் போதிய அளவு குளிர்வித்துக்கொள்ள இயலாது. தாகம் என்று சொல்லவும் தெரியாது. குழந்தைகளின் நோய்க்குக் காரணமாக இருந்தது அவர்கள் படுத்திருந்த அறை.

பேறுகாலப் பிரிவு கீழ்த்தளம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. பின்னர் வந்த ஆய்வு இரண்டு செய்திகளைக் கூறியது. 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 விழுக்காடு உயர்ந்தது. பிரிவைக் கீழே மாற்றியபின், வெப்பநிலை வேறுபாட்டையும் கணக்கிற்கொண்டு பார்த்தால், அச்சேர்க்கைகள் 64 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து இல்லை, புதிய இயந்திரம் இல்லை, கட்டில்கள் படியிறங்கின.

கூரையே நோய்க்குக் காரணம் என்றால் கூரைக்கே மருத்துவம் செய்யலாம் அல்லவா? 2017ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி ‘குளிர்கூரை’ முயற்சியைத் தொடங்கியது. எளியோர் வீடுகளின் கூரைமீது வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு பூசப்பட்டது. சுண்ணாம்பும் இதற்குப் போதும். இவ்வாறு பூசினால் வீட்டினுள் வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையக்கூடும். அந்தச் சில டிகிரிகளே உறங்கும் இரவுக்கும் உறங்காத இரவுக்கும் உள்ள வேறுபாடு.

சட்டம் சொல்வது

இவையெல்லாம் மாநகராட்சியின் விருப்பப் பணிகளா, கடமைகளா? இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைக் கூறுகிறது. ஆறாவது பணி பொதுநலவாழ்வும் துப்புரவும். எட்டாவது பணி நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும். மருத்துவ நிலையமும் மரமும் அவ்வட்டவணையில் ஒரு வரி இடைவெளியில் நிற்கின்றன. எவ்வளவு அதிகாரமும் நிதியும் தரப்படும் என்பதை மாநிலச் சட்டங்களே முடிவு செய்கின்றன. எனவே, நகரத்துக்கு நகரம் நிலைமை மாறுபடுகிறது.

அகமதாபாத்துக்கு இப்பொறுப்பு அட்டவணைக்கு முன்பே உண்டு. ஆலை அதிபராக விளங்கிய ரண்சோட்லால் சோட்டாலால், நகராட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குழாய்க் குடிநீரையும் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாயையும் கொண்டுவர முயன்றார். வரி உயரும் என்று எதிர்த்தவர்கள் பலர். சர்தார் வல்லபாய் பட்டேல் 1924 முதல் 1928 வரை இந்நகராட்சியின் தலைவராக இருந்தார். நாட்டின் பெருந்தலைவர்களுள் ஒருவர் சாக்கடையையும் குடிநீரையும் கவனித்துப் பழகியவர் என்பதை வரலாற்று நூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன.

மரம் என்னும் மருந்து

வெப்பச் செயல்திட்டம் ஆபத்து வந்த நாளுக்கானது. ஆபத்தையே குறைக்க வேண்டுமானால் நகரின் வெப்பம் குறைய வேண்டும். அங்கேதான் மரம் வருகிறது.

மரம் இரண்டு வகையில் குளிர்விக்கிறது. ஒன்று, வெயில் தரையிலும் சுவரிலும் விழாமல் தடுக்கிறது. மற்றொன்று, வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகளின் வழியே ஆவியாக விடுகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வியர்வை உடலுக்குச் செய்வதை மரம் தெருவுக்குச் செய்கிறது எனலாம். இலைகளில் தூசி படிவதால் காற்றும் ஓரளவு தூய்மையாகிறது.

மரநடுகை குஜராத்துக்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டில் வனமகோத்சவம் என்னும் மரநடுவிழாவைத் தொடங்கியவர் அப்போதைய நடுவண் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சரும் குஜராத்தி எழுத்தாளருமான கே. எம். முன்ஷி. பருவமழை தொடங்கும் ஜூலை முதல் வாரம் அதற்குரிய காலம். 2019ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி பத்து இலட்சம் மரக்கன்றுகளை நடும் இயக்கத்தை அறிவித்தது. இடம் குறைந்த பகுதிகளில் ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகியின் முறை பின்பற்றப்பட்டது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றிக் காப்பது அம்முறை. கன்றுகள் ஒளிக்காகப் போட்டியிட்டு விரைந்து உயர்கின்றன. பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அது நல்ல இடம். ஆனால், அடர்ந்த அந்தச் சிறு காட்டுக்குள் கட்டடத் தொழிலாளி ஒருவர் உட்கார இயலாது. சாலையோரத்தில் நின்று விரிந்த வேம்பு தரும் நிழலும், வேலிக்குள் நிற்கும் தோப்பு தரும் குளிர்ச்சியும் ஒன்றல்ல. நகரத்துக்கு இரண்டும் வேண்டும்.

எந்த மரம் என்பதும் முதன்மையான வினா. விரைவில் பசுமை காட்ட வேண்டும் என்னும் ஆவலால் குஜராத்தின் நகரங்களில் கோனோகார்பஸ் என்னும் அயல் மரம் சாலை நடுவிலும் பூங்காக்களிலும் பெருமளவில் நடப்பட்டது. அது நீர் குறைந்த இடத்திலும் செழிக்கும். பின்னர் அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லை தருவதாகவும், வேர் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் சேதப்படுத்துவதாகவும் முறையீடுகள் எழுந்தன. 2023ஆம் ஆண்டில் குஜராத் அரசு அம்மரத்தை நடுவதற்குத் தடை விதித்தது. நலவாழ்வுக்காக நட்ட மரமே நலவாழ்வுக்கு ஊறு என்று கருதப்பட்டது இங்கே நிகழ்ந்தது. வேம்பு, புங்கம், நாவல், அரசு, ஆல் ஆகியவை மெதுவாக வளர்பவை. அவற்றை நடுபவர் பெரும்பாலும் அவற்றின் முழு நிழலில் நிற்பதில்லை.

நட்டதும் நின்றதும்

இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, முதன்முறையாகப் பெருநகரங்களின் வனப்பரப்பைத் தனியே கூறியது. 2011ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் வனப்பரப்பு 17.96 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டில் 9.41. பத்தாண்டில் ஏறத்தாழ பாதி மறைந்துவிட்டது. அதே காலத்தில் ஹைதராபாத்தின் வனப்பரப்பு 33.15 சதுர கிலோமீட்டரிலிருந்து 81.81ஆக உயர்ந்தது. சென்னையில் 18.02 என்பது 22.70 ஆயிற்று.

இவ்வெண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு கணக்கிடும் இவ்வறிக்கை, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், பத்து விழுக்காட்டுக்குக் குறையாத விதானம் உள்ள இடத்தையே வனப்பரப்பு என்கிறது. தெருவோரம் தனித்து நிற்கும் வேம்பு அக்கணக்கில் வராது. அண்மையில் நட்ட கன்றும் வராது. ஆகவே, அகமதாபாத்தில் மரமே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. ஆயினும், பாதியாகக் குறைந்தது என்பதைக் கணக்கிடும் முறையைக் காட்டித் தள்ளிவிடவும் முடியாது. சாலைகள் அகன்றன, பாலங்கள் எழுந்தன, நகரின் எல்லை விரிந்தது. அவற்றுக்காக வீழ்ந்தவை வளர்ந்த மரங்கள். ஈடாக நடப்பட்டவை முழங்கால் உயரக் கன்றுகள். ஏட்டில் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். தெருவில் சரியாக இருபது ஆண்டுகள் ஆகும்.

மரநடுகை குறித்த அறிக்கைகளில் நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையே முதலில் இருக்கும். மூன்றாம் கோடையைத் தாண்டிய கன்றுகள் எத்தனை என்னும் வரியைப் பல அறிக்கைகளில் தேடத்தான் வேண்டும். நடுவது ஒரு நாள் விழா. அதற்குப் படம் உண்டு, மாலை உண்டு. நீர் ஊற்றுவது ஏப்ரல், மே மாதங்களின் வேலை. அதற்கு விழா இல்லை. தண்ணீர் வண்டி ஓட்டுநரும், வேலி கட்டுபவரும், ஆடு புகாமல் பார்த்துக்கொள்ளும் தெருவாசியுமே மரத்தை வளர்க்கின்றனர். 2010ஆம் ஆண்டின் இறப்புப் பதிவேட்டை எண்ணிய அதே பொறுமையோடு, உயிரோடு நிற்கும் கன்றுகளையும் எந்த நகரமும் எண்ணத்தக்கது. எந்தத் தெருக்களில் அவை நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொண்டால், தகரக் கூரைகள் மிகுந்த தெருக்களுக்கு நிழல் சென்று சேர்ந்ததா என்பதும் தெரிய வரும்.

சொல்லும் பொருளும்

வெப்பவாதம் – கடும் வெப்பத்தால் உடல்வெப்பம் மிகுந்து உயிருக்கு இடர் நேரும் நிலை
பதிவேடு – செய்திகளை முறையாக எழுதிவைக்கும் ஏடு
பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
விதானம் – மரக்கிளைகளும் இலைகளும் பரந்து அமைந்த மேற்பரப்பு
ஊறு – தீங்கு
ஈடாக – பதிலாக

பயிற்சிகள்

அ) பிரித்து எழுதுக.
1. மரக்கன்று
2. பெருநகரம்
3. தண்ணீர்
4. வெப்பநிலை

ஆ) செயப்பாட்டுவினைத் தொடராக மாற்றுக.
1. மாநகராட்சி பூங்காக்களைத் திறந்தது.
2. ஆய்வாளர்கள் பதிவேடுகளை எண்ணினார்கள்.
3. அரசு அம்மரத்தைத் தடை செய்தது.

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘பரப்’ என்பது யாது? அதனோடு ஒப்பிடத்தக்க தமிழக வழக்கம் எது?
2. அகமதாபாத் திட்டத்தில் சிவப்பு நிறம் எந்த வெப்பநிலையைக் குறிக்கிறது?
3. வெப்பத்தால் நேரும் இறப்புகள் பதிவேட்டில் வேறு பெயரில் எழுதப்படுவது ஏன்?
4. அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணையில் ஆறாவது, எட்டாவது பணிகள் எவை?

ஈ) ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. மருத்துவமனையில் பேறுகாலப் பிரிவை இடம் மாற்றியதற்கான காரணத்தையும் பயனையும் விளக்குக.
2. மியாவாகி முறைத் தோப்புக்கும் சாலையோர மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக. உங்கள் பள்ளி இருக்கும் தெருவுக்கு எது பொருந்தும்? காரணம் கூறுக.

உ) கணக்கிட்டு எழுதுக.
1. 2010 மே மாதத்தில் கூடுதல் இறப்புகள் நேராதிருந்தால் பதிவாகியிருக்கக்கூடிய இறப்புகள் எத்தனை?
2. 2011க்கும் 2021க்கும் இடையில் அகமதாபாத், ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களின் வனப்பரப்பில் ஏற்பட்ட மாற்றத்தைச் சதுர கிலோமீட்டரில் கணக்கிட்டு அட்டவணையாக அமைக்க.

ஊ) செயல்திட்டம்
பள்ளியிலிருந்து உங்கள் வீடுவரை உள்ள வழியில் நண்பகல் நேரத்தில் நிழல் உள்ள இடங்களையும் இல்லாத இடங்களையும் வரைபடமாக வரைக. வழியில் உள்ள மரங்களின் பெயர்களைத் தமிழிலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதுக. கடந்த மழைக்காலத்தில் நடப்பட்ட கன்றுகள் இருப்பின், அவற்றுள் உயிரோடு நிற்பவை எத்தனை என எண்ணிக் குறித்து, உங்கள் பகுதி மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதுக.